முதுகை யாரும் மிதிக்க விடாதே

786
ராயப்பேட்டை, 1946

அன்பு மகன் கரீமுல்லாவுக்கு அத்தாவின் சலாம். இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கை வஜீஹாவும் அல்லாஹ் கிருபையால் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது, உன் கடிதம் படித்தேன். பட்டறையில் மோட்டாரைத் தூக்கி இடுப்புப் பிடித்ததற்கு டாக்டர் உன்னை அந்த ஜெர்மன் அம்மாளிடம் அனுப்பினார், அவர் பிலாட்டீஸ் முறை என்று பாயில் படுத்துச் செய்யும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார், நீயோ அது பெண்பிள்ளைகள் சமாசாரம், வியர்வைகூட வரவில்லை, விட்டுவிட்டேன் என்கிறாய். இடது கால் கொஞ்சம் மரத்திருக்கிறதாம், கால் முன்னே பிறந்தவன் மிதித்தால் பிடிப்பு விடும் என்று அப்படிப் பிறந்த சிநேகிதன் ஒருவன் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து முதுகில் ஏறி மிதித்துச் சரிசெய்வானாம். மடையா. வேண்டாம் என்று தந்தி கொடுத்துவிட்டேன், ஆனால் காரணம் தெரியாமல் நீ எதையும் கேட்கமாட்டாய், அதனால்தான் இதையும் எழுதுகிறேன்.

நான் லேத் பிடித்துப் பழகியவன், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. ஷாஃப்ட் ஆடினால் அதன்மேல் ஏறி மிதிப்போமா, தாங்குகிற பேரிங்கை அல்லவா பார்ப்போம். முதுகெலும்பைத் தாங்குவது வயிற்றையும் இடுப்பையும் சுற்றியிருக்கும் தசை, அந்த அம்மாள் மூச்சோடு மெதுவாகச் செய்யச் சொன்னது அதற்குத்தான். மெதுவாகச் செய்வது சுலபம் என்று எவன் சொன்னான். வியர்த்தால்தான் கசரத்து என்றால் பனகல் பார்க் எதிரே வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறவனெல்லாம் பயில்வான். அதைக் கண்டுபிடித்தவரே குத்துச்சண்டை போட்ட ஆம்பிளை என்று முன்பு நீதானே எழுதினாய். அதற்காக அது மந்திரமும் இல்லை, கால் மரத்தபின் டாக்டரைக் கேட்காமல் அதையும் செய்யாதே.

உன் இனாயத் மாமாவுக்கும் இப்படித்தான், முதலில் இடுப்பு, பிறகு கால் மரப்பு. டாக்டரிடம் வா, அதுவரை பாயில் படு என்றேன். இன்னா மச்சான், பாயில பட்த்துக்கினு கீறதுக்கு நான் இன்னா புள்ள பெத்தவளா, வலியுல்லா நாலு மிதி மிதிச்சா ஓடிப் பூடும் என்று சிரித்தான். கால் முன்னே பிறந்தவன் என்பதைத் தவிர நம் தெரு வலியுல்லாவுக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. போன வாரம் பயில்வான்கள் பழகும் தெருக்கோடித் தாலீம்கானாவில் மாமா குப்புறப் படுத்தான், அவன் ஏறினான், சொடக்கென்று ஒரு சத்தம். மாஷா அல்லாஹ், எலும்பு குந்திக்கிச்சுபா என்று சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். மாமா எழுந்திருக்கவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் அவன் கால் கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளேன் மச்சான், இன்னாத்துக்கு யோசிக்கிறே என்றான். நான் நகம் பதியக் கிள்ளிக்கொண்டுதான் இருந்தேன். இதை உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் எழுதிவிடாதே.

வஜீஹா சலாம் சொல்லச் சொன்னாள். அம்மா ஐந்து வேளையும் உனக்காகக் கையேந்துகிறாள். அல்லாஹ் உன்னை நடமாட்டத்தோடும் நல்ல புத்தியோடும் வைக்கட்டும். படித்து முடித்த கையோடு இடது கால் கட்டைவிரலைப் பலமாகக் கிள்ளு. என்ன ஆனாலும் அன்றைக்கே டாக்டரிடம் போ. வலித்தால் வலிக்கிறது என்று ஒரே சொல் தந்தி அடி, பெற்ற பிள்ளைக்கு வலிக்க வேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அத்தா,
நூர் முஹம்மது