மூணு கோழி

அன்புள்ள அக்கா,

அன்று ஆசிரியர் அறையில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: எங்கள் வீட்டிலும் 'மூணு' என்றுதான் சொல்லுவோம். அம்மாவின் ஆட்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இங்கே வடக்கில், நெடுங்கேணிக்கு வந்தவர்கள்.

தரம் நான்கு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போடச் சொன்னது நான். வகுப்பில் வாயே திறக்காத தனுசியா, எனக்குத் தனியாக ஒன்று அனுப்பினாள். "எங்க வீட்டுல மூணு கோழி இருக்குங்க டீச்சர்." சந்தோசத்தில் அதை உங்களுக்கு மட்டும் அனுப்பினேன்.

நீங்கள் அதை ஆசிரியர் குழுவில் 'உச்சரிப்புத் திருத்தத்துக்கு ஓர் உதாரணம்' என்று போட்டீர்கள். அறையிலும் எல்லோருக்கும் கேட்க வைத்தீர்கள்.

"இருக்குங்களாம். கோழி விக்க வந்தவளோ?" என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சொல்லும் யாழ்ப்பாணத்து 'மூண்டு' மட்டும் எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்று நான் கேட்டிருக்கலாம்.

"என்ன பிள்ளை, உனக்குச் சிரிப்பு வரேல்லையோ?" என்றீர்கள்.

நானும் ஆசிரியர் குழுவில் ஒரு சிரிக்கும் முகம் போட்டேன். அதற்காக உங்களைவிட என்னைத்தான் அதிகம் வெறுக்கிறேன்.

குழுவிலுள்ள ஓர் ஆசிரியரின் மகன் தனுசியாவின் வகுப்பு. மறுநாள் வகுப்பு முழுவதும் அவளைக் 'கோழி' என்று கூப்பிட்டது.

இப்போது தனுசியா பாடத்தை எழுதி, படம் பிடித்து அனுப்புகிறாள். குரல் அனுப்புவதில்லை.

இப்படிக்கு,
ஆசிரியர் அறையில் உங்கள் பக்கத்துக் கதிரைக்காரி