பின்சீட்டுக்கு அடியில் கேட்ட சத்தம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பாலத்து ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. முதலில் ஒரு திணறல். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்கவில்லை. பிறகு மூச்சடங்கின மாதிரி நின்றுபோனது. பின்னால் ஹாரன் மழை. பின்சீட்டில் நாத்தனார் படுத்திருந்தாள், பிளாஸ்டிக் பேசினை அணைத்துக்கொண்டு. நல்லவேளை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழி. போகும்போது நின்றிருந்தால்?

"என்னாச்சு அண்ணி?"

"ஒண்ணுமில்ல. நீ படு."

சற்றுநேரம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது! அதுதான் எனக்குப் பயம். ஒரேயடியாகப் படுத்துவிட்ட வண்டியை ஏதாவது செய்யலாம். நடிக்கிற வண்டியை என்ன செய்வது?

மார்ச் 5, புதன்

காலையிலேயே தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன். எதையும் இரண்டு தடவை சொல்கிற மனிதர். "ஃபில்டர்தாங்க. ஃபில்டர்தான்." பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே காப்பிப் பொடி மாதிரி அழுக்கு. புதிது போட்டுக் கொடுத்தார். வண்டி நன்றாக இழுக்கிறது.

மார்ச் 6, வியாழன்

இழுத்தது ஒரு நாள்தான். இன்று ஆஸ்பத்திரி போகும் வழியில் நின்றது. அதே திணறல், அதே அடங்கல். காத்திருந்து ஸ்டார்ட் செய்து போய்ச் சேர்ந்தபோது எங்கள் முறை போய்விட்டது. கதிர்வீச்சு அறையில் மெஷினைக் கவனிக்கும் பெண் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கும் லேட்டாகும்னா ஒரு ஃபோன் பண்ணுங்க போதும். கடைசியா வெச்சுக்கறேன். விடக்கூடாதும்மா, ஒரு நாள்கூட விடக்கூடாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாத்தனார் கல் மாதிரி நின்றாள்.

வாடகைக் காரில் வரமாட்டேன் என்கிறாள். வயிற்றுக் கட்டியை எடுத்தபிறகு தொடங்கிய சிகிச்சை இது. முடிந்து வரும்போதெல்லாம் வாந்தி. முதல் வாரம் ஒரு டிரைவர் மூஞ்சியைச் சுளித்ததை அவள் மறக்கவில்லை. "அவன் முன்னாடி எடுத்ததுக்கு செத்திருக்கலாம்" என்றாள். அதிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன்.

வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. தங்கையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பார்த்துக்கொள்வது சரி – பேசுவதற்குத்தான் எங்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை. கல்யாண வீடுகளில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா அண்ணி", "நல்லா இருக்கேன்" – இத்தனை வருடமும் அவ்வளவுதான். பெட்டியோடு வந்திறங்கிய அன்றே சொல்லிவிட்டாள்: "முடிஞ்சதும் கிளம்பிடுவேன் அண்ணி. உங்களுக்கு பாரமா இருக்கமாட்டேன்."

மார்ச் 8, சனி

"பம்ப்தாங்க. பம்ப்தான்."

பின்சீட்டைத் தூக்கினால் அடியில் ஒரு தகட்டு மூடி. அதைத் திறந்தால் டேங்கின் வாய். உள்ளேயிருந்து பம்ப்பை உருவி எடுத்துவிட்டு வேறு போட்டார் மெக்கானிக். டேங்க் முழுக்கப் பெட்ரோல் இருந்ததால் அடிப்பக்கம் பார்க்கவில்லை. வாசலிலேயே வேலை செய்ததால் வீடு முழுக்கப் பெட்ரோல் வாடை. நாத்தனாருக்குக் குமட்டுமே என்று ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். ஆச்சரியம், "நல்லாதான் இருக்கு" என்றாள்! சாதம் வேகிற வாசனைக்கு ஓடுகிறவள்.

மார்ச் 10, திங்கள்

மறுபடி.

மார்ச் 11, செவ்வாய்

அவர் ஃபோன் பண்ணினார். "கார்புரேட்டரைப் பாக்கச் சொல்லு" என்றார். நம் காரில் கார்புரேட்டரே கிடையாது என்று மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். "அப்படியா?" என்றார். எட்டு வருடமாக அந்தக் காரை வைத்திருக்கிறார், மகராசன்.

மெக்கானிக்கோ, "தெரியலைங்க. தெரியலை" என்றார். அதையும் இரண்டு தடவை. கோபப்படத்தான் போனேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து முடியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டாரே.

மார்ச் 12, புதன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

திரும்பி வரும்போது பின்னாலிருந்து நாத்தனார் சொன்னாள்: "அண்ணி, இப்போ நிக்கப்போகுது." திரும்பிப் பார்த்தேன். சீட்டில் காதை வைத்துப் படுத்திருந்தாள். என்ன உளறுகிறாள் என்று நினைத்து முடிக்கவில்லை, வண்டி திணறியது. நின்றது.

"எப்படித் தெரிஞ்சுது?"

"கீழ ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். ங்ங்ங்னு. தினமும் அதைக் கேட்டுக்கிட்டுதான் வாந்தியை அடக்குவேன். நிக்கறதுக்கு முன்னாடி அது மெல்லிசா, கீச்சுனு ஏறும். பழைய பம்ப்புலயும் அப்படித்தான். புதுசுலயும் அப்படித்தான்."

இத்தனை நாளில் அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசியது இதுதான். வழியோரம் காரை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். தண்ணீர் வராத குழாயில் மோட்டார் ஓடினால் போடும் சத்தம் மாதிரி என்றாள். ஊரில் தனியாக இருந்து தைத்துப் பிழைக்கிறவள்; தையல் மெஷினில் நூல் சிக்கினாலும் மோட்டார் முதலில் குரல் மாற்றித்தான் சொல்லுமாம். வாந்தி வரவில்லை இன்று. அதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் வந்துவிடுமோ என்று.

மார்ச் 15, சனி

மெக்கானிக்கிடம் அவளையே சொல்லச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அப்போ பம்ப் மேல தப்பில்லைங்க. அது இழுக்குது, ஏதோ வழியை அடைக்குது." உடனே ஒரு நீளக் குழாயில் பெட்ரோல் அழுத்தமானியை மாட்டினார். அதை பானெட்டுக்கு வெளியே இழுத்து, முன் கண்ணாடியில் வைப்பருக்கு அடியில் செருகினார். வட்ட முகமும் ஒற்றை முள்ளுமாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் ஓட்ட, அவர் பக்கத்தில். நாத்தனார் வழக்கம்போல் பின்சீட்டில், காது கீழே. வேண்டாம், ஓய்வெடு என்று சொன்னேன். "நான் இல்லாம எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று ஏறிவிட்டாள்.

பாலம் தாண்டி நெடுந்தூரம் போனோம். முள் அசையவே இல்லை. இன்றைக்கென்று நல்ல பிள்ளையாக ஓடுகிறதே என்று எரிச்சலாக இருந்தது. சோளக்காடு தாண்டியதும் பின்னால் குரல்: "ஏறுது... ஏறுது... இப்போ!"

முள் சரிந்தது. வண்டி நின்றது. மூன்று பேரும் கைதட்டினோம்! நடுரோட்டில் கார் நின்றதற்குக் கைதட்டிய முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

பட்டறைக்கு வந்து டேங்க்கைக் காலிசெய்து டார்ச் அடித்துப் பார்த்தார். அடியில் கிடந்தது – உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். வளைத்த கம்பியால் எடுத்தார். வண்டி ஓட ஓட அது மிதந்துபோய்ப் பம்ப்பின் வாயில் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் உறிஞ்சுவது நின்று தானாக விழுந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

"கேன் மூடி கசியாம இருக்க, அடியில பிளாஸ்டிக் வெச்சுத் திருகுவாங்க. ஊத்தும்போது உள்ள போயிருக்கு. யாராவது கேன்ல ஊத்தினீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கப்பலுக்குக் கிளம்பும் முன் கேனோடு நின்றது யார் என்று இருவருக்கும் தெரியும். வீடு வரும்வரை சிரித்தோம். தையல் இழுக்கிறது, சிரிக்க வைக்காதீங்க அண்ணி என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

அவரிடம் சொன்னேன். "ஹலோ? ஹலோ? லைன் சரியில்ல" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆனாலும் பாலம் வந்தால் கை இறுகுகிறது. "சத்தம் சரியா இருக்கு அண்ணி, போங்க" என்று பின்னாலிருந்து சொல்கிறாள்.

இன்று ரொம்ப முடியவில்லை அவளுக்கு. வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தினேன். பேசினைக் கழுவிவிட்டு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். கார் ஓடுகிறதே, கூட்டிப்போக முடிகிறதே – அதுவே பெரிய விஷயம் என்று தோன்றியது.

ஏப்ரல் 11, வெள்ளி

கடைசி நாள். ஒரு நாள்கூட விடவில்லை! கதிர்வீச்சு அறைப் பெண்ணுக்கு ஒரு புடவையின் ஓரத்தைத் தைத்துக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். வரும் வழியில் பட்டறையில் நிறுத்தச் சொன்னாள். இறங்கிப்போய் மெக்கானிக்கிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "நன்றிதான். ரெண்டு தடவை சொன்னேன். அப்பதானே அவருக்குப் புரியும்."

ஏப்ரல் 27, ஞாயிறு

ஸ்கேன் நன்றாக வந்திருக்கிறது. ஆறு மாதம் கழித்து வந்தால் போதுமாம்.

இன்று ஒரு வேன் வந்து நின்றது. நாத்தனாரின் தையல் மெஷின், துணி அலமாரி, பாத்திரப் பெட்டி எல்லாம் வந்திறங்கின. மெஷினை எங்கே போடுவது என்று கேட்டாள். முன்னறை ஜன்னலோரம், அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும் என்றேன். அங்கே என் நாற்காலி இருந்தது. அவளைத் தூக்க விடாமல் நானே இழுத்து ஓரமாகப் போட்டேன்.