தையல்காரருக்கு எழுதிய சீட்டுகள்

ஜூன் 3, செவ்வாய்

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? படிக்கப்போவதும் நான்தான். மூட்டை தூக்கிய கை, பேனாவையும் மூட்டை மாதிரிதான் பிடிக்கிறது. தாள் ஓரிடத்தில் கிழிந்தே போனது. ஆனாலும் எழுதிவிட்டேன். நானா, நானேதானா?

ஜூன் 5

வீடில்லாதவர்களுக்கான இந்த விடுதியில் என் பக்கத்துக் கட்டில் தையல்காரருடையது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. அவரோடு ஒரு வார்த்தையாவது பேசவேண்டும் என்றுதான் எழுத்து சொல்லித்தரும் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இன்று முதல் சீட்டு கொடுத்தேன்: ‘சாப்பிட்டாச்சா?’ பார்த்தார், சிரித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் 9

‘இன்று மழை வரும்’ என்று எழுதினேன். சிரித்தார். ‘எனக்கு முழங்கால் வலி’ என்று எழுதினேன். அதற்கும் சிரித்தார். கொஞ்சம் கல்நெஞ்சக்காரர்தான்.

ஜூன் 12

நலத்துறை ஓர் அறை தருகிறதாம், இருவருக்கு. சொந்த அடுப்பு, உள்ளிருந்து தாழ்போடக் கதவு. பேருந்து நிலையத்தில் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தவனுக்குக் கதவு!

வார்டன் அம்மா சொன்னார்: “தாத்தா, ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவீங்கன்னு அதிகாரிக்குத் தோணணும். இல்லன்னா அவர வேற ஊருக்கு, காது கேக்காதவங்க இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க.”

“நான் எழுதிக் காட்டிடுவேன்மா, கவலய விடுங்க.”

சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். “பேனா புடிச்சதும் அண்ணன் ஜட்ஜ் ஆயிட்டாருப்பா.”

பொறாமை.

ஜூன் 16

‘தீ. எழுந்திரு. வெளியே வா.’ இதையே நாளெல்லாம் எழுதிப் பழகினேன். ‘ழு’ மட்டும் பிடிகொடுக்கவில்லை.

ஜூன் 20

அதிகாரி அம்மா வந்தார். கூடவே கையால் பேசத் தெரிந்த ஒரு பெண்.

“பெரியவரே, தீப்பிடிச்சா இவருக்கு எப்படிச் சொல்வீங்க?”

எழுதினேன். நான் எழுதி முடிப்பதற்குள் தெருவே எரிந்திருக்கும், அது வேறு விஷயம். நீட்டினேன். தையல்காரர் பார்த்தார், சிரித்தார், மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். நாற்காலியை விட்டு அசையவில்லை.

அந்தப் பெண் அவரிடம் கையால் ஏதோ கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஐயா, இவருக்குப் படிக்கத் தெரியாதுங்க. பள்ளிக்கூடத்துக்கே அனுப்பலயாம்.”

நேற்றுவரை கைநாட்டு வைத்தவன் நான். நாலு எழுத்து வந்ததும், உலகத்தில் எல்லாரும் படித்தவர்கள் என்று நினைத்துவிட்டேன். என்னை என்ன சொல்ல.

“அப்புறம் ஏம்மா வாங்கி வச்சுக்கிட்டாரு?”

“நீங்க அவ்வளவு சந்தோஷமா நீட்டுனீங்களாம். மனசு நோகக்கூடாதுன்னு சிரிச்சாராம்.”

அதிகாரி கோப்பை மூடினார். கதவு போயிற்று, இவரும் போனார் — என் புத்தியைச் செருப்பால அடிக்கணும் — அப்போதுதான் தையல்காரரின் கைகள் பறந்தன. எழுந்து போய்த் தன் கட்டிலைத் தட்டி, அதில் கிடந்த துணி நாடாவைக் காட்டினார்.

ராத்திரி அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுப்பார். மறுமுனை என் கட்டில் சட்டத்தில் இருக்கும். கட்டில் திருட்டுப் போகாமல் இருக்க என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பெண் சொன்னாள்: “ராத்திரி உங்களுக்கு இரைப்பு வந்தா கட்டில் ஆடுமாம். நாடா இழுக்குமாம். இவர் எழுந்து உங்கள உக்கார வச்சு முதுகு நீவுவாராம். காலைல உங்களுக்கு எதுவும் ஞாபகம் இருக்காதாம். தீப்பிடிச்சாலும் நாடாவ இழுத்தாப் போதும்கிறார்.”

“அப்ப, யாரு யாரப் பாத்துக்கிறது?” என்றார் அதிகாரி.

நான் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 24

தகவல் இல்லை. பேனாவைத் தொடவே கூச்சமாக இருக்கிறது.

ஜூலை 2

அறை கிடைத்துவிட்டது. முதலில் நான் தாழ் போட்டேன். அவர் திறந்து, மறுபடி போட்டார். பிறகு நான். பக்கத்து அறை அம்மா வெளியே வந்து, “கதவு ரிப்பேருங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

நாளெல்லாம் கைப்பேச்சுப் பாடம். காலையில் கையால் உப்புக் கேட்டேன், சோப்பு வந்தது. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை, தலையில் அடித்துக்கொண்டார். என் விரலைப் பிடித்து, திருகி, சரியாக வைத்து, மறுபடி கேட்கச் சொன்னார். மனசு நோகுமே என்ற எண்ணமெல்லாம் போய்விட்டது போலிருக்கிறது.

விரல்கள் வீங்கிக் கிடக்கின்றன. மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன், அதற்குள் இந்த மனிதர் என் கையை விட்டால்.