ஃப்ரீசரில் இருந்த டாரல்

அக்டோபர் 9

நான் வேலை பார்க்கும் நூலகத்தின் வாசலில் ஹாலோவீன் பூசணிக்காய் அடுக்கினேன். வெர்மான்ட் முழுக்கச் சூனியக்காரி வேடம் போடும் மாதம் இது. உண்மையிலேயே அந்த வேலையைச் செய்கிற நாங்கள் நால்வர் மட்டும் சாதாரண ஸ்வெட்டரில் தலைமறைவாக இருப்போம்.

மாலை கொரின் வீட்டில் எங்கள் நால்வரின் வட்டம் கூடியது. வெர்னின் முழங்கால் வலிக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினோம். வெர்ன் ஓய்வுபெற்ற பிளம்பர், எங்களில் ஒரே ஆண். "முழங்காலிடம் சம்மதம் வாங்கியாயிற்றா?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

கொரினிடம் அந்தச் சொல்லை வைத்து விளையாட முடியாது. பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருப்பவள். யார்மேல் செய்கிறோமோ அவரைக் கேட்காமல் எதையும் செய்வதில்லை என்பது வட்டத்தின் விதி. நோய் குணமாகவும் கேட்க வேண்டும், காதல் கைகூடவும் கேட்க வேண்டும். கேட்காமல் செய்த நன்மையும் செய்வினைதான் என்பாள். எனக்கும் அது பிடித்திருக்கிறது. ஆசைப்படுவதில்கூட ஒரு நாகரிகம் இருக்கட்டுமே.

அக்டோபர் 14

வட்டத்தின் நான்காவது ஆளான லோர்னா மதியம் நூலகத்துக்கு வந்தாள். மேசைமேல் ஒரு நாய்ப்பட்டையை வைத்தாள். கோடையில் காணாமல்போன அவள் நாய் பிஸ்கட்டின் பட்டை. காலையில் அவள் வீட்டு வாசற்படியில் கிடந்ததாம். கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

டாரல்தான், அவளுடைய முன்னாள் கணவன். விவாகரத்தாகி இரண்டு வருடம் ஆகிறது. அவள் வீட்டருகே வரக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவு உண்டு. வருவதில்லை — காரில் கடந்து போகிறான். மெதுவாக, தினமும். காவல் நிலையத்தில் கேட்டால், அவன் வைத்ததைப் பார்த்த சாட்சி இல்லை, நாய்ப்பட்டை வைப்பதும் குற்றமில்லை என்கிறார்கள்.

"அவன் சாகணும்னு நான் கேக்கல ஐடா," என்றாள். "நிக்கணும். அவன் வர்றது நிக்கணும். அவ்வளவுதான்டீ."

அவள் குரல் தணிந்தேயிருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அக்டோபர் 20

வட்டத்தில் பெரிய விவாதம். டாரலுக்கு மந்திரக் கட்டுப் போடுவதாக இருந்தால் டாரலைக் கேட்க வேண்டும் என்கிறாள் கொரின்.

"கொரின், கரடியச் சுடறதுக்கு முன்னாடி அதுகிட்டக் கையெழுத்து வாங்குவியா நீ?" என்றார் வெர்ன்.

"நாம யாரையும் சுடல வெர்ன்."

"அதான் கவலையே."

கடைசியில் ஒரு சமாதானம். கட்டு மனிதன்மேல் இல்லை, அவன் செய்யும் தீங்கின்மேல் மட்டும். இதைச் சொல்வதற்கான வாசகத்தை எழுத ஒரு முழு மாலை போயிற்று. ஒரு நாட்டின் அரசியல் சாசனத்தை இதைவிட விரைவாக எழுதியிருக்கிறார்கள். 'உன் கையால் பிறர் நோகாதிருக்கட்டும், உனக்கும் நோவு வராதிருக்கட்டும்' என்று முடிந்தது.

வழக்கமான முறைதான். காகிதத்தில் பெயர் எழுதி, கறுப்பு நூல் சுற்றி, நீர் நிரப்பிய பையில் போட்டு ஃப்ரீசரில் வைப்பது. கட்டினால் பயனடைபவர் அதை வைத்திருக்கக் கூடாது. என் கராஜில் பெரிய ஃப்ரீசர் இருக்கிறது. தம்பி சுட்ட மானின் பாதிக்குக் கீழே இப்போது டாரல் இருக்கிறான்.

நவம்பர் 2

டாரலின் கார் வரவில்லை. நேற்றும் வரவில்லை என்கிறாள் லோர்னா.

நவம்பர் 11

இன்னும் வரவில்லை. லோர்னா முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள். ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டிருக்கிறாள். அந்த வீட்டுக்குள் இவ்வளவு வெளிச்சம் வரும் என்பது எனக்குத் தெரியாது.

"சும்மா இருக்கறது எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். தெரியாது.

நவம்பர் 19

டாரல் நூலகத்துக்கு வந்தான். அவனைப் புத்தகத்தோடு நான் பார்த்ததே இல்லை. ஹீட்டருக்குப் பக்கத்து நாற்காலியில், இரண்டு ஜாக்கெட்டுகளுக்குள், உட்கார்ந்தான்.

"கொஞ்ச நேரம் உக்காந்துக்கவா ஐடா? வீட்ல ஹீட்டர் எரியுது. எனக்குத்தான் சூடே ஏறல."

மரக்கிடங்கில் விடுப்புப் போட்டிருக்கிறானாம். மருத்துவர் எல்லாச் சோதனையும் எடுத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம். ஒரு மீன்பிடிப் பத்திரிகையை எடுத்தான், பக்கத்தைப் புரட்ட விரல் மடங்கவில்லை. நான் போய்ப் புரட்டிக் கொடுத்தேன். நன்றி என்றான். இந்த ஆளா அந்த நாயை — தெரியாது. தெரியும்.

வீட்டுக்கு வந்து ஃப்ரீசரைத் திறக்கவில்லை. இரவுக்கு முட்டை பொரித்துக்கொண்டேன்.

நவம்பர் 21

வட்டத்தில் சொன்னேன். கொரினின் முகம் வெளுத்துவிட்டது. 'உனக்கும் நோவு வராதிருக்கட்டும்' என்று தெளிவாகத்தானே சொன்னோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள், ஏதோ கடைக்காரரிடம் ரசீதைக் காட்டுகிறவள்போல.

"நவம்பர் மாசம். எல்லாருக்கும்தான் குளிருது," என்றார் வெர்ன்.

லோர்னா மேசையில் சிந்திய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

டாரலிடம் உண்மையைச் சொல்லி, இனிமேலாவது சம்மதம் கேட்பது என்று முடிவு. போய்ச் சொல்ல கொரினும் நானும்.

நவம்பர் 28

நேற்றைய நன்றித் திருநாள் வான்கோழியில் மிஞ்சியதை, மாவு மூடிச் சுட்ட பை-யாகச் செய்து எடுத்துப் போனோம். ஒருவனிடம் போய் 'உன்னைக் கட்டி ஃப்ரீசரில் வைத்திருக்கிறோம்' என்று சொல்ல வெறுங்கையோடா போவது?

கொரின் எல்லாவற்றையும் விளக்கினாள், பள்ளியில் பெற்றோருக்கு விளக்கும் குரலில். டாரல் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அடுப்பைப் பார்த்தபடி இருந்தான்.

"அப்போ அது நீங்கதானா," என்றான்.

இன்னும் அடுப்பருகே நகர்ந்து உட்கார்ந்து, "எடுக்காதீங்க" என்றான்.

"புரியுதா டாரல்? உனக்கு உடம்பு இன்னும் மோசமாகலாம்," என்றாள் கொரின்.

"சாயங்காலம் ஆச்சுன்னா சாவி கைக்கு வந்துரும். நான் எடுத்த மாதிரியே இருக்காது. அப்புறம் பாத்தா அவ தெருல இருப்பேன். இப்ப சாவியத் தூக்கவே முடியல." கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "இவ்வளவு நாள்ல இப்பத்தான் தூங்கறேன். இருக்கட்டும். அங்கயே இருக்கட்டும்."

திரும்பி வரும்போது காரில் கொரின் அழுதாள். மகிழ்ச்சியில்.

டிசம்பர் 1

வட்டத்தில் எல்லோருக்கும் நிம்மதி. சம்மதம் கிடைத்துவிட்டது, எழுத்தில் இல்லை என்பது ஒன்றுதான் குறை. வெர்ன் ஆப்பிள் சைடரை ஊற்றிக் கொடுத்தார். லோர்னா கேட்டுக்கொண்டிருந்தாள். "அதையும் தான் செஞ்ச தியாகமா மாத்திட்டான் பாத்தீங்களா," என்றாள். பிறகு அவளும் கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஒரு வாக்கியம் தோன்றியது. தோன்றினால் சொல்லாமல் இருக்கத் தெரியாத வாய் எனக்கு.

"கட்டுப்பட்டவன் கொடுத்த சம்மதம் — அது அவனுடையதா, கட்டினுடையதா?"

நல்ல வாக்கியம். சொல்லிவிட்டு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன். கொரின் கோப்பையைக் கீழே வைத்தாள்.

டிசம்பர் 4

கொரின் மூன்று நாளாகத் தூங்கவில்லையாம். கட்டை அவிழ்க்க வேண்டும், அவன் தன் வசத்தில் இருக்கும்போது மறுபடி கேட்க வேண்டும், அப்போதும் சரி என்றால் திரும்பக் கட்டிவிடலாம். ஒரே ஒரு மதியம்தான். பொறுப்போடு செய்வதென்றால் இதுதான் வழி என்கிறாள்.

லோர்னா எழுந்து நின்றாள்.

"கூண்டு வசதியா இருக்கான்னு கேக்கறதுக்காக ஓநாயத் தெறந்து விடப் போறீங்க, அப்படித்தானே?"

"லோர்னா, இது அவனோட உரிமை..."

"நான் சம்மதிக்கல. என்னைக் கேட்டீங்களா யாராவது?"

"இது உன்மேல செய்யறது இல்லையே கண்ணு," என்றாள் கொரின். இவ்வளவு மென்மையான குரலில் இவ்வளவு மோசமான ஒன்றை நான் கேட்டதில்லை. ஆனால் நான் அப்போது வாய் திறக்கவில்லை.

வாக்கெடுப்பு. லோர்னாவும் வெர்னும் வேண்டாம் என்றார்கள். கொரின் வேண்டும் என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாக்கியத்தை நானே எப்படி மறுப்பது? வேண்டும் என்றேன். இரண்டுக்கு இரண்டு. ஃப்ரீசர் என்னுடையது.

கட்டை அவிழ்க்கும் அந்த ஒரு நாள் மட்டும் தங்கை வீட்டுக்குப் போய்விடு என்று லோர்னாவிடம் சொன்னோம்.

"என் வீட்ட விட்டு நான் எதுக்குப் போகணும்?" என்றாள். கோட்டை எடுத்துக்கொண்டு போனாள். என்னிடம் மட்டும் விடைபெறவில்லை.

டிசம்பர் 7

காலையில் பையை எடுத்துச் சமையலறைத் தொட்டியில் வைத்தேன். மானின் உறைந்த ரத்தம் வெளியே ஒட்டியிருந்தது. அதைக் கழுவினேன். மதியத்துக்குள் பனி முழுவதும் இளகிவிட்டது. காகிதத்தில் பெயர் அப்படியே இருக்கிறது, மை கரையவில்லை. கத்தரிக்கோலால் நூலை வெட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. குளிர்பதனப் பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது, அது எப்போதும் உறுமும்.

கொரின் நேராக டாரல் வீட்டுக்குப் போகிறாள். நானும் இப்போது கிளம்புகிறேன் —

கொரின் போன் செய்தாள். "ஐடா, அவன் கார் இல்ல." கதவு திறந்தே கிடக்கிறதாம். ஜாக்கெட் இரண்டும் தரையில் கிடக்கின்றனவாம்.

லோர்னா போனை எடுக்கவில்லை. இன்னும் எடுக்கவில்லை. எடுடீ. எடு.

டிசம்பர் 8

உயிரோடு இருக்கிறாள். நினைவு திரும்பவில்லை.

டிசம்பர் 10

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். டாரல் காரைப் பாதிவழியில் நிறுத்திவிட்டு, காட்டுப் பக்கமாக நடந்து வந்து, பின்கதவை உடைத்து உள்ளே போயிருக்கிறான். திரை இல்லாத ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்காரர் பார்த்துக் காவலர்களை அழைத்தார். அவர்கள் வரும்போது லோர்னா மாடிப்படியின் கீழே கிடந்தாள். டாரல் பக்கத்தில் உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வேர்த்திருந்ததாம்.

"நான் எடுக்காதீங்கன்னு சொன்னேன். அவங்கதான் அவுத்து விட்டாங்க," என்று காவலர்களிடம் சொன்னானாம். அவர்கள் அதைப் பிதற்றல் என்று எழுதிக்கொண்டார்கள். இந்த வழக்கில் வந்த ஒரே நேர்மையான வாக்குமூலம் அதுதான்.

இப்போது சிறையில் இருக்கிறான். அரசாங்கம் போட்ட கட்டு. யாரும் அவனைச் சம்மதம் கேட்கவில்லை.

டிசம்பர் 16

வட்டம் கூடியது. நாங்கள் மூவர். லோர்னா குணமாக ஏதாவது செய்ய வேண்டும் என்றார் வெர்ன். கொரின் கைகளைப் பிசைந்தாள்.

"அவளைக் கேக்க முடியாதே."

"என்ன சொல்ற?"

"நினைவு இல்லாதவங்களுக்கு நெருங்கின சொந்தம் சம்மதம் தரலாம். அவ தங்கச்சிகிட்டக் கேட்டேன். அவங்க தேவாலயத்துக்குப் போறவங்க. பிசாசு வேலையெல்லாம் வேண்டாம்னு போன வெச்சிட்டாங்க."

வெர்ன் எழுந்தார். கத்துவார் என்று நினைத்தேன். அறுபத்தொன்பது வயது மனிதர், கொரினின் கார்ப்பெட்டைப் பார்த்தபடி மிக மெதுவாகச் சொன்னார்: "அவ உங்ககிட்ட வேண்டாம்னு சொன்னா. அது ஒண்ணுதான் அவ சொன்னது. அத மட்டும்தான் நீங்க கேக்கல."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். நானும் கிளம்பினேன். கொரின் பின்னாலிருந்து, "நீதானே ஐடா கேட்ட, சம்மதம் யாரோடதுன்னு?" என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்பினாள்.

டிசம்பர் 17

செய்தேன். வாசகம் எதுவும் எழுதவில்லை. வழக்கமாகச் சொல்லும் 'எவருக்கும் தீங்கின்றி' என்பதையும் சொல்லவில்லை. சமையலறையில் நின்று அவள் பெயரைச் சொல்லி, எழுந்திரு எழுந்திரு என்று தொண்டை கட்டும்வரை சொன்னேன். யாரையும் கேட்கவில்லை. செய்தது செய்தவரிடமே மூன்று மடங்காகத் திரும்பும் என்பார்கள்; திரும்புமானால் திரும்பட்டும், அதற்கு என் முகவரி தெரியும்.

டிசம்பர் 20

வெர்ன் போன் செய்தார். லோர்னா கண் திறந்துவிட்டாளாம். தண்ணீர் கேட்டாளாம். இடது கை இன்னும் அசையவில்லை.

மருத்துவர்களின் வேலையா, என் வேலையா — இதைக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

ஜனவரியில் டாரல் ஜாமீன் கேட்கப்போகிறானாம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்றார்.

டிசம்பர் 22

பட்டாணி சூப் செய்து எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் என் பெயரைக் கேட்டாள். உள்ளே போய்விட்டு வந்தாள். மிகவும் மரியாதையான பெண்.

"அவங்களக் கேட்டோம் மேடம். உங்களப் பாக்க வேண்டாம்னுட்டாங்க."

"சரியாக் கேட்டீங்களா?" என்றேன். "மருந்து மயக்கத்துல இருக்கலாம். இப்ப அவங்க சொல்றது..."

நிறுத்திக்கொண்டேன். அந்தப் பெண் காத்திருந்தாள்.

"சரி," என்றேன்.

சூப்பை அங்கேயே ஓர் ஆயாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கார் கண்ணாடியில் பனி ஏறியிருந்தது. உள்ளே உட்கார்ந்து அது இளகக் காத்திருந்தபோது, இதைப் பற்றி ஒரு நல்ல வாக்கியம் தோன்றியது.

எழுதவில்லை.