மாவு வண்டி மெட்டு

18 ஆகஸ்ட் 2025, திங்கள்

கிரைண்டர் நின்றுவிட்டது. மோட்டாரா பெல்ட்டா தெரியவில்லை. பீங்கான் கம்பெனியில் சூளையையே கட்டி மேய்க்கிற ஆளுக்கு ஒரு கிரைண்டரைப் பார்க்கத் தெரியாதா என்று அம்பாள் கேட்டாள். தெரியாது. சூளை வேறு, கிரைண்டர் வேறு. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றேன். எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.

அம்பாள் என்று இந்த நோட்டில் மட்டும்தான் எழுதுகிறேன். முழுப்பெயர் விருத்தாம்பாள், என் மனைவி, ரேஷன் கடையில் எடை போடுகிறவள். எனக்கு எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதர் பெயர், அவளுக்கு அதே கோயில் அம்மன் பெயர். கல்யாணத்தில் ஊரே பொருத்தம் பிரமாதம் என்றது. கோயிலிலேயே இரண்டு பேருக்கும் தனித்தனி சன்னிதி. அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

ஸ்டூடியோ பிரபா ஐந்நூறு ரூபாய் அனுப்பினான். வேப்பூரில் ஒரு மஞ்சள் நீராட்டு வீடியோவுக்கு நான் போட்டுக் கொடுத்த மெட்டு. வீடியோவில் என் மெட்டை அமுக்கிக்கொண்டு தாய்மாமன் சீர்வரிசைத் தட்டு எண்ணுவதுதான் கேட்கிறது. அம்பாளிடம் போனை நீட்டினேன். "கேஸுக்கு ஆவும்" என்றாள். மெட்டைக் கேட்கிறாயா என்றேன். அப்புறம் என்றாள்.

எப்போதும் அப்புறம்தான். ஒரே ஒரு தடவை அவள் முழுசாகக் கேட்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். ஐந்நூறும் வேண்டாம். (ஐந்நூறு வேண்டும்.)

24 ஆகஸ்ட், ஞாயிறு

கிரைண்டரைப் பார்க்கவில்லை. மெட்டு போட்டேன்.

அடுத்த ஞாயிறு எங்கள் கல்யாண நாள். புடவை எடுத்தால் கலரைக் குறை சொல்வாள். மெட்டில் கலர் இல்லை. திட்டக்குடியில் கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவிடம் வாங்கிய பழைய கீபோர்டு. அதில் ஒரு கட்டை மட்டும் ஊமை. அதனால் என் மெட்டு எதிலும் அந்தச் சுரம் வராது. யாராவது கேட்டால் அது என் பாணி என்று சொல்வதாக இருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

தொடக்கம் துள்ளலாக வந்திருக்கிறது, அவள் கடையில் கூட்டத்தை அதட்டி வரிசையில் நிற்கவைக்கிற மாதிரி. நடுவில் ஒரு இடம் இறங்கும். தயங்கித் தயங்கி இறங்கி, ஒரு நிமிஷம் நின்று, மெல்ல மேலே வரும். முந்தின வருஷம் பாமாயிலில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாளே, வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் கதவுக்கும் நடந்தாளே, அதை நினைத்துப் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பாள், என் கையைப் பிடிக்கமாட்டாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கும் மகள் பாரதிக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. அவள் பரீட்சைக்குப் பணம் கேட்டு நான் அனுப்பினாலும் அதே கட்டைவிரல்தான்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் அம்பாள் அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். இன்றைக்கு உனக்கென்று ஒன்று செய்திருக்கிறேன் என்று ஸ்பீக்கரைக் கொண்டுபோய் அரிசி டப்பா மேல் வைத்தேன். மெட்டு முழுசும் ஓடியது. அவள் தலை நிமிரவே இல்லை. முடிந்ததும்,

"ம்" என்றாள்.

அப்புறம், "இந்தக் கையில தண்ணி ஊத்துங்க" என்றாள்.

ஊற்றினேன். இருபத்திரண்டு வருஷம். ம். நெத்திலிக்குக்கூட இதைவிட அதிகம் பேசியிருப்பாள்.

ச்சீ. என்ன பொழப்புடா இது.

3 செப்டம்பர், புதன்

விற்றுவிட்டேன்.

ஃபாயிஸ் வந்தான். கத்தாரில் பத்து வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி, லோடு ஆட்டோவில் தெருத்தெருவாக இட்லி மாவு விற்கிறான். வண்டிக்கு ஒரு மெட்டு வேண்டும் என்றான். "எல்லா வண்டியிலயும் ஒரே சத்தமா இருக்குதுண்ணே. நேத்து ஒருத்தரு ஓட்டைக் குடத்த எடுத்துட்டு வந்து எடை போடச் சொல்றாரு" என்றான். பழைய இரும்பு வண்டி என்று நினைத்துவிட்டாராம்.

கம்ப்யூட்டரில் இருந்த நாலைந்தைப் போட்டுக் காட்டினேன். ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசியில் அது ஓடியது. இதுதாண்ணே என்றான். எனக்கு அந்த "ம்" ஞாபகம் வந்தது. இந்தா எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னேன். இரண்டாயிரம் கொடுத்தான், கையை நீட்டி வாங்கினேன்.

நடுப்பகுதி வேண்டாம் என்றான். "அந்த எடம் சோகமா இருக்குது. கேட்டா மாவு புளிச்ச மாதிரி தோணுது." வெட்டிக் கொடுத்தேன். முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டது, வெட்டின தடமே தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

8 செப்டம்பர், திங்கள்

மடையன். முழு மடையன். விற்கும்போது வண்டி ஓடும் என்று நினைத்தேனே தவிர, என் தெருவிலும் ஓடும் என்று நினைக்கவில்லை.

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் என் மெட்டு. பிரஷ் வாயிலேயே நின்றது. கிரைண்டர் வேலை செய்யாததால் அம்பாள் பாத்திரத்தோடு வாசலுக்குப் போனாள். வண்டி எங்கள் வீட்டு எதிரில் நின்றது. அவளுக்குப் போட்ட மெட்டு அவள் மூஞ்சிக்கு நேரே பாடுகிறது, அவள் மாவு வாங்குகிறாள். பழமலைநாதா, என் பேரை வைத்துக்கொண்டிருக்கிறாயே, இதற்காவது உதவு என்று கும்பிட்டேன்.

உள்ளே வந்தாள். தோசை ஊற்றினாள்.

மத்தியானம் கம்பெனியிலிருந்து ஃபாயிஸுக்குப் போன் போட்டு, மெட்டு யார் போட்டது என்று எங்கள் வீட்டில் மட்டும் மூச்சு விடாதே என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் "சரிங்கண்ணே" என்றான். இவனும் அம்பாளுக்குப் பயப்படுகிறான் போல.

9 செப்டம்பர்

அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தப்பித்தேன்.

10 செப்டம்பர்

அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அப்படியென்றால் அன்றைக்குக் கேட்கவே இல்லை. ஒரு வரிகூட. இதுக்கா தப்பிச்சேன்?

16 செப்டம்பர், செவ்வாய்

இன்று நடந்ததை எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

சாப்பிடும்போது அம்பாள் அவளாகவே பேச்செடுத்தாள். "அந்த மாவு வண்டியில ஒண்ணு போடறாங்களே, என்னமா இருக்குது. காலங்காத்தால கேட்டா மனசு லேசாவுது. யாரு போட்டதோ, கை வச்சி அடிச்சிருக்காங்க. நீங்களும்தான் டொய்ங் டொய்ங்னு அடிக்கிறீங்க. இந்த மாதிரி ஒண்ணு போடக் கூடாதா?"

சாம்பார் மூக்கில் ஏறிவிட்டது.

நான்தான் போட்டேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி, எப்போது போட்டாய். அதற்கு அடுத்தது, யாருக்குப் போட்டாய். அதற்கு அடுத்தது, என்னிடம் கேட்டா விற்றாய். வாழ்நாளில் முதல் பாராட்டு, அதை வாங்கக் கை நீட்டினால் அதே கையில் விழும் அடி. "முயற்சி பண்றேன்" என்றேன். பண்ணுங்க என்று இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள். ஒரு மாதிரி பார்த்தாள்.

21 செப்டம்பர், ஞாயிறு

ஊரே முணுமுணுக்கிறது. சூளையில் வண்டி தள்ளுகிற பையன்கள் விசிலடிக்கிறார்கள். ஜங்ஷன் பக்கம் டீக்கடைக்காரர் டம்ளரில் தாளம் போடுகிறார். எங்கள் மேனேஜர் சேரன் சார், யாரையும் எதற்கும் மெச்சாதவர், நாங்கள் செய்கிற பீங்கான் ஃபியூஸ் கேரியர்களை எண்ணிக்கொண்டே அதை முனகினார். நல்லா இருக்கே சார் என்றேன். சும்மா மாவு விக்கிறவன் பாட்டுய்யா, நாக்குல ஒட்டிக்கிச்சு என்றார்.

எல்லாருக்கும் என் மெட்டு தெரியும். ஊரில் அது என்னுடையது என்று தெரிந்தவன் ஃபாயிஸ் ஒருத்தன்தான். அவனையும் நானே வாயடைத்து வைத்திருக்கிறேன். புகழ் என்பது இதுதான் என்றால் எனக்கு வேண்டாம்.

கிரைண்டரைப் பற்றி அம்பாள் இப்போதெல்லாம் கேட்பதில்லை. மாவுக்குக் காசும் கேட்பதில்லை. நானாகப் போய் ஞாபகப்படுத்துவானேன்.

1 அக்டோபர், புதன், ஆயுத பூஜை

கம்பெனியில் சூளைக்குப் பூசணிக்காய் உடைத்துவிட்டு வந்தேன். வீட்டில் அம்பாள் தையல் மிஷின், அரிவாள்மனை, செத்துப்போன கிரைண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்திருந்தாள். என் கீபோர்டுக்கும். கீபோர்டுக்கு வைப்பது இதுவே முதல் தடவை. போன வருஷம் நானே வைத்தபோது, அது ஆயுதமா என்று கேட்டவள். இந்த வருஷம் ஏன் என்று கேட்டேன். "இருக்கட்டும். அதுவும் ஒழைக்குதுல்ல" என்றாள்.

ஊமைக் கட்டை மேல் குங்குமம் சரியாக விழுந்திருந்தது. சொல்லிவிடலாமா என்று நெஞ்சு வரைக்கும் வந்தது. பொரிகடலையை வாயில் போட்டுக்கொண்டேன்.

5 அக்டோபர், ஞாயிறு

மாடிப்படியிலிருந்து நேரே வந்து எழுதுகிறேன்.

அம்பாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் படியில் இருந்தேன். அவள் மெட்டை முணுமுணுத்தாள். ஊரே முணுமுணுக்கிறது, அதிசயமில்லை. ஆனால் வண்டியில் வெட்டி ஒட்டிய இடம் வந்தது. எல்லாரும் அந்த இடத்தில் சட்டென்று மேலே ஏறிவிடுவார்கள். அவள் ஏறவில்லை. இறங்கினாள். தயங்கித் தயங்கி இறங்கி, ஒரு புடவையை உதறிக் கொடியில் போட்டு, நின்று, மெல்ல மேலே வந்தாள்.

அந்த இடம் வண்டியில் கிடையாது. என் கம்ப்யூட்டரிலும், திருச்சியில் பாரதி போனிலும் மட்டும்தான் இருக்கிறது. அவள் அதைக் கேட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, நெத்திலி ஆய்ந்த அன்றைக்கு.

கேட்டிருக்கா. முழுசாக் கேட்டிருக்கா. அப்போ எல்லாம் தெரியும். எத்தன நாளா? அய்யோ, அந்த சாம்பார் அன்னைக்கே தெரியுமா? நான் முயற்சி பண்றேன்னு சொன்னேனே!

6 அக்டோபர்

கேட்கவில்லை. பயம்.

7 அக்டோபர்

பயம்தான். சும்மா எழுதுகிறேன்.

8 அக்டோபர், புதன்

சொல்லிவிட்டேன். அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும் சொன்னேன். உனக்குப் போட்டதை விற்றுவிட்டேன், ஃபாயிஸிடம், கோபத்தில், தப்புதான் என்று ஒரே மூச்சில். அவள் பையை ஆணியில் மாட்டினாள்.

"தெரியும்" என்றாள்.

முதல் நாளே தெரியுமாம். பாத்திரத்தோடு போனவள் ஃபாயிஸைப் பார்த்து இது ஏது என்று கேட்டிருக்கிறாள். ரேஷன் கடையில் கேட்கிற குரலில் கேட்டிருப்பாள். அவன் அப்போதே கக்கிவிட்டான். நான் மத்தியானம் போன் போட்டபோது அவன் ஏன் பேச்சில்லாமல் நின்றான் என்று இப்போது புரிகிறது.

"கல்யாண நாளைக்கி எடுத்துக் குடுத்த பொடவையக் கொண்டுபோய் வித்துட்டு வந்தா சும்மா இருப்பேனா? எனக்குன்னு குடுத்தப்பறம் அது எப்படிங்க உங்களுது?" என்றாள்.

பிறகு சாம்பார் அன்றைக்கு ஏன் அப்படிப் புகழ்ந்தாய் என்று கேட்டேன். நன்றாக இருந்தது, புகழ்ந்தேன் என்கிறாள். நானாக வாய் திறப்பேனா என்று பார்த்தாளாம். திறக்கவில்லையாம்.

அப்புறம் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அன்னைக்கு வெறும் 'ம்'தானே சொன்னே?

"நெத்திலிக் கையோட கண்ணத் தொடைக்க முடியுமா? எரியும்ல. அதான் தலைய குனிஞ்சிகிட்டு தண்ணி ஊத்தச் சொன்னேன்."

நான் சுவரைப் பார்த்தேன்.

"வித்ததுகூட போவுது. அந்த வாக்கர் எடத்த ஏங்க வெட்டுனீங்க?"

வாக்கர் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டில் எழுதினதோடு சரி, இதை அவள் தொடமாட்டாள். சுரத்தைக் கேட்டே கண்டுபிடித்திருக்கிறாள். அழுதுவிட்டேன். நாப்பத்தெட்டு வயசுல, லுங்கியோட. எழுத ஒன்றும் இல்லை.

இல்லை, ஒன்று இருக்கிறது. அரைக் கிலோ மாவு தினமும் சும்மா வருகிறதாம். பாட்டு என்னுது, நான் போதும்ங்கிற வரைக்கும் குடு என்று ஃபாயிஸிடம் முதல் நாளே பேசி முடித்துவிட்டாள். ஒரு மாசமாக என் சங்கீதத்தைத்தான் தோசையாகத் தின்றிருக்கிறேன். மெட்டுக்கு நான் ஒரு தடவை விலை வாங்கினேன். அவள் தினம் வாங்குகிறாள்.

12 அக்டோபர், ஞாயிறு

ஃபாயிஸை வீட்டுக்கு வரச்சொல்லி அம்பாள் பேசினாள். முழுப் பாட்டையும் போட வேண்டும் என்றாள். "அக்கா, அந்த சோகத்துல யாவாரம் படுத்துடும்ங்க" என்று கெஞ்சினான். ஊர் பூராவும் பழசையே போடு, எங்க வூட்டு வாசல்ல மட்டும் முழுசு என்று தீர்த்துவிட்டாள். டீ குடித்துவிட்டு வெட்டாத மெட்டை போனில் ஏற்றிக்கொண்டு போனான்.

பிரபா போன் பண்ணினான், ஒரு வளைகாப்பு வீடியோவுக்கு மெட்டு வேண்டுமாம். அம்பாள் போனை வாங்கி எண்ணூறு என்றாள். அவன் சரி என்றுவிட்டான். மூணு வருஷமா என்னை ஏமாத்திட்டு இருந்திருக்கான் படவா.

26 அக்டோபர், ஞாயிறு

ஒருவழியாக கிரைண்டருக்கு ஆள் கூட்டிவந்தேன். வேண்டாம் என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

அதற்கு முன்னால், காலையில், வண்டி வந்தது. மாடியிலிருந்து பார்த்தேன். ஃபாயிஸ் மாவை ஊற்றிக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கேட்டைப் பிடித்தபடி நின்றாள். மெட்டு இறங்கியது, நின்றது, மேலே வந்தது. முடிகிற வரைக்கும் உள்ளே வரவில்லை.

இட்லி தாமதம். தட்டை நானே கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.