கூறு வைக்க ஏலாத எண்

மச்சான்,

நேற்று மகளின் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் என் மானம் போனது. கணித ஆசிரியர் பலகையில் 73939133 என்று எழுதி, "இதில் என்ன விசேஷம், யாருக்காவது தெரியுமா?" என்றார். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கை இரண்டு முறை கோட்டைவிட்ட என் கை தானாக உயர்ந்தது.

"சேர், அது கூறு வைக்க ஏலாத எண்!"

மண்டபமே சிரித்தது. மகள் குனிந்துகொண்டாள். உயர்த்திய கையில் தேசிக்காய்ப் புளி தேய்த்தும் போகாத மீன் வாடை. அந்த வாடையோடு நீயும் நினைவில் வந்துவிட்டாய்.

குருக்கள்மடத்து றோட்டோரம் வாவி மீனைக் கொட்டி, சரிசமமாகக் கூறு வைத்து நாமிருவரும் விற்ற காலம். பிரித்து மிச்சம் வந்தால் உனக்குக் கொண்டாட்டம். "நிண்ட மீன் நம்மட கறிக்கு" என்பாய். இரத்தத்தில் சீனி ஏறிய வருத்தத்தில் கால் விரல்களை வெட்டியெடுத்தபின் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மகள் சொல்லித்தந்த இந்த எண்ணை அதனால்தான் உன்னிடம் கொண்டுவந்தேன்.

"இவ்வளவு மீனையும் எப்படிக் கூறு வைச்சாலும் மிச்சம் வரும்டா."

"அப்ப கறிக்குக் குறைவில்லெண்டு சொல்லு."

"மறுகாக் கேளு. கடைசி இலக்கத்த வெட்டு. அதையும் கூறு வைக்க ஏலா. இன்னொண்ட வெட்டு. அதையும் ஏலா."

"பொய்க் கத பேசாத!"

என் கைபேசியைப் பறித்து வகுத்துப் பார்த்தாய். மூன்றால், ஏழால், பதின்மூன்றால். புள்ளிக்குப் பின்னால் இலக்கங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பிறகு பெருவிரலால் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக மறைத்தாய்: 7393913, 739391, 73939... முடிவில் ஒற்றை ஏழு. அதுவும் உடையாது. அந்த ஒற்றை இலக்கத்தையே பார்த்தபடி கட்டிலோரம் நின்றேன். இதை யாரும் செய்துவைக்கவில்லை, மச்சான். வாவியில் முதல் மீன் நீந்தும் முன்பே, எண்ணுவதற்கு ஆளே இல்லாமல், இது இப்படித்தான் இருந்திருக்கும். கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

நீ கட்டுப் போட்ட காலைப் பார்த்தாய். "நாளைக்கு முழங்காலுக்குக் கீழ எடுக்கிறாங்களாம். எடுக்கட்டும். இந்த எண்ணுக்கு ஏலுமெண்டா எனக்கும் ஏலும்." சிரித்தாய். பிறகு கேட்டாய்: "பின்னால இன்னொரு இலக்கம் சேர்த்தா என்னடா?"

அதையும் மகள் சொல்லியிருந்தாள். நான் பிளாஸ்க்கைத் திறந்து பிளேன்ரீ ஊற்றினேன். நீ ஊதி ஊதிக் குடித்தாய், திரும்பக் கேட்கவில்லை. மறுநாள் ஒப்பரேஷன் தியேட்டருக்குள் போன நீ திரும்பி வரவில்லை.

நேற்று சிரிப்பு அடங்கியதும், "இந்த அப்பா சொன்னது முழுக்கச் சரி. எதாலும் மீதியின்றிப் பிரியாத முதன்மை எண் இது" என்றார் ஆசிரியர். மகள் நிமிர்ந்தாள். உடனே அவரும் உன் கேள்வியையே கேட்டார்: "பின்னால் ஓர் இலக்கம் சேர்த்தால்?"

மகள் என்னைப் பார்த்தாள். பதில் எனக்குத் தெரியும். கை எழவில்லை.

எதைச் சேர்த்தாலும் உடைந்துவிடும், மச்சான். அது அதோடு முடிகிற எண்.