எட்டு, ஐந்து, இடையில் அறுபது பாகை

நாள் 212, 09:10
மேற்குக் கோபுரம். எழுதுவது ரோஸ்லின், வானிலைப் பிரிவு. செவ்வாயின் இந்த நிலையத்தில் நாங்கள் இருவர்தான். இயந்திரங்களைக் கவனிக்கும் இசக்கியப்பன் என்னை இங்கே இறக்கிவிட்டு, மண் மாதிரி எடுக்க வண்டியோடு வடக்கே போயிருக்கிறான். காற்றழுத்தம் லேசாக இறங்குகிறது. மற்றவை வழக்கம்போல.

10:40
புழுதிப் புயல். இரண்டு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வண்டி கவிழ்ந்துவிட்டது. இசக்கிக்குக் காயமில்லை. ஆனால் வண்டியின் திசை காட்டும் கருவியும் உபரிக் காற்று உருளையும் உடைந்துவிட்டன. அவன் உடையில் இரண்டு மணி இருபது நிமிடத்துக்குத்தான் காற்று. என்னிடம் மூன்று மணி இருபது.

"ஏக்கா, திக்கே தெரியல. உங்ககிட்டயே வந்துருதேன்."

10:48
வானொலி அலை போய்த் திரும்பும் நேரத்தை அளந்தேன். அவன் எனக்கு எட்டு கிலோமீட்டர் தூரம். நிலையம் ஐந்து. ஆன்டெனாவைத் திருப்பி இடைக்கோணம் எடுத்தேன்: அறுபது பாகை. இரண்டு பக்கமும் இடைக்கோணமும் இருந்தால் கொசைன் விதி மூன்றாம் பக்கத்தைத் தரும். 25 + 64 − 2×5×8×½ = 49. வர்க்கமூலம் ஏழு.

என்னிடம் வர இரண்டேகால் மணிக்கு மேலாகும். நிலையத்துக்கு இரண்டு மணி.

"இங்க வராத, காத்து பத்தாது. நிலையத்துக்கு ஏழுதான். நான் சொல்ற பக்கமா நட."

"உங்க காத்து எவ்வளவு கெடக்கு?"

"நெறைய இருக்கு."

10:50
புறப்பட்டான். பத்து நிமிடத்துக்கொரு முறை அளந்து திசை சொல்கிறேன். கோபுரத்தை விட்டு இறங்கினால் அவன் குரல் எனக்கு எட்டாது.

11:50
தூரம் ஆறு. கோணம் நாற்பது. நிலையத்துக்கு மீதி மூன்றரை வர வேண்டும். 3.9 வருகிறது. மறுபடி போட்டேன். 3.9தான். இடப்பக்கமாக வளைந்து போயிருக்கிறான்.

"வலது கைப் பக்கம் திரும்பு. இன்னும். போதும், நேரா போ."

கையிருப்பான பத்து நிமிடக் காற்றில் ஏழு போயிற்று. மீதி மூன்று.

12:35
நான் கிளம்ப வேண்டிய கெடு தாண்டிவிட்டது. கிளம்பவில்லை.

12:51
இன்னும் முந்நூற்றைம்பது மீட்டர். அவனுக்கு மூச்சு இரைக்கிறது. பேசாதே என்றேன்.

12:57
"அக்கா… கதவு… கைல தட்டுப்படுது."

13:00
உண்மையைச் சொன்னேன். எனக்கு மிச்சம் ஒரு மணி நேரக் காற்று. நடக்க ஒன்றரை மணி வேண்டும்.

"பொய் சொல்லிட்டீங்களேக்கா! உருளையத் தூக்கிட்டு எதிர வாறேன். நேர்கோட்ட விட்டு வெலகாதீங்க!"

இரு பக்கத்திலிருந்தும் ஒரே கோட்டில் நடக்க வேண்டும். மூன்று மீட்டர் விலகினாலும் ஒருவரையொருவர் தெரியாமல் கடந்துவிடுவோம். தூரமும் திசையும் அளக்கும் இந்தக் கருவி கோபுரத்தோடு பொருத்தியது, எடுத்துப்போக முடியாது. இறங்குகிறேன்.